பலகையின் விளிம்பு

தொட்டிக்கு அடியில் இருக்கும் அலமாரியின் தரைப்பலகை ஒருநாள் கை வைத்ததும் மெத்தென்று அமுங்கியது. குழாய் மூட்டிலிருந்து எத்தனை மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்ததோ தெரியாது. பலகையை வெளியே இழுத்துப் போட்டேன். மேலே ஒட்டியிருந்த வழவழப்பான தாள் புத்தம் புதிதாக இருந்தது. ஓரம் மட்டும் மழையில் நனைந்த புத்தகம் மாதிரி ஊதி, அடுக்கடுக்காக விரிந்து நின்றது. நகத்தால் நெம்பினால் ஒவ்வோர் அடுக்கும் தனியாக உரிந்து வந்தது.

மாற்றுப் பலகை போட வந்த தச்சர் அதைக் கையில் வாங்கினார். பலகையின் முகத்தைப் பார்க்கவே இல்லை, நேராக விளிம்பைத்தான் பார்த்தார்.

"இது வாங்கும்போதே போச்சு சார். நடு அடுக்குல பாருங்க, எவ்வளவு கேப். தண்ணி பூந்து உக்கார்றதுக்கு ரூம் கட்டி வெச்சிருக்காங்க."

"மேல பார்த்தா நல்லாத்தானே இருந்துச்சு அண்ணே?"

"மேல எல்லாப் பலகையும் நல்லாத்தான் சார் இருக்கும்."

அன்று அந்தப் பலகையின் கெடாத பகுதியிலிருந்து ஒரு சாண் துண்டை அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மேசைமேல் வைத்துக்கொண்டேன். வெளிர் பட்டை, கருத்த பட்டை, மறுபடி வெளிர் பட்டை. இடையில் மயிரிழை போலப் பசைக் கோடுகள். இரண்டு இடத்தில் சுண்டுவிரல் நுனி நுழையும் பொந்து. பிளைவுட்டோடு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன், அதன் விளிம்பை உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

அறுத்தால் பலகை தானாக வந்துவிடுகிற மரத்தை, தாள்தாளாகச் சீவி, திரும்ப ஒட்டி, திரும்பப் பலகையாக்குவது எதற்கு? மிச்சம் பிடிக்கத்தான் என்று பல நாள் நினைத்திருந்தேன். அதுவும் உண்டு. ஆனால் முதல் காரணம் மரத்தின் குணம்.

மெல்லிய குழல்களை ஒரே திசையில் நெருக்கிக் கட்டிய கட்டு என்று மரத்தை வைத்துக்கொள்ளலாம். காற்றின் ஈரம் ஏற ஏறக் குழலின் சுவர் தடிக்கும், ஈரம் இறங்கினால் மெலியும். நீளம் மட்டும் அசையாது. பச்சை மரம் முழுக்கக் காய்ந்தால் நார் ஓடும் திசையில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் சுருங்குகிறது. ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே, அதாவது மையத்திலிருந்து பட்டை நோக்கி, சுமார் 4 சதவீதம். வளையத்தின் போக்கிலேயே அளந்தால் சுமார் 8. மரத்துக்கு மரம் இந்த எண்கள் மாறும், விகிதம் பெரும்பாலும் இப்படித்தான். 30 சென்டிமீட்டர் அகலப் பலகையில் ஈரம் 5 சதவீதம் ஏறி இறங்கினால் அகலம் 4 மில்லிமீட்டர் போல நகரும். அதே பலகை 2 மீட்டர் நீளமாக இருந்தாலும் நீளவாக்கில் 1 மில்லிமீட்டர்கூட அசையாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மேசையைக் கெடுத்து. முழுமரப் பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி மேசைத் தளம் செய்தேன். அது வளையக் கூடாது என்று அடியில் குறுக்குச் சட்டங்கள் வைத்துத் திருகாணியால் இறுக்கினேன், எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு. நல்ல வறண்ட பருவம் வந்தது. ஒரு நள்ளிரவில் 'டப்' என்று சத்தம். காலையில் பார்த்தால் தளத்தின் நடுவே முக்கால் நீளத்துக்கு விரிசல். தளம் சுருங்கப் பார்த்திருக்கிறது, சட்டம் விடவில்லை. சட்டத்தின் நீளவாக்கு தளத்தின் அகலவாக்கைக் கட்டிப்போட்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், என் மேசையைப் பிளந்த அதே சங்கதிதான் பிளைவுட்டை நேராக நிறுத்துகிறது. ஒரு சீவலின், அதாவது மெல்லிய மரத்தாளின், நார் கிழக்கு மேற்கு, அடுத்ததின் நார் வடக்கு தெற்கு. ஒன்று சுருங்கப் பார்க்கும் திசையில் பக்கத்து அடுக்கு அசையாமல் நிற்கிறது. என் சட்டம் தடியாக இருந்தது, நாலைந்து இடத்தில் மட்டும் பிடித்தது. சீவல் மில்லிமீட்டர் கணக்கில் மெலிது, பசை அதை ஒவ்வோர் அங்குலத்திலும் பிடிக்கிறது. அதனால் எந்த அடுக்கும் பிளக்கிற அளவுக்குப் பலம் சேர்க்க முடிவதில்லை. முழுப் பலகைக்கும் நீளம், அகலம் இரண்டிலும் அசைவு அற்பமாகிவிடுகிறது.

இது புதிய யோசனையே இல்லை. எகிப்தில் சக்காராவில், ஜோசர் மன்னனின் படிப் பிரமிடுக்குள் கிடைத்த ஒரு சவப்பெட்டியின் பலகை ஆறு மெல்லிய அடுக்குகளால் ஆனது. அடுத்தடுத்த அடுக்குகளின் நார் குறுக்கு மறுக்காக ஓடுகிறது, மர முளைகள் அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சங்கதி. இன்றைய பிளைவுட்டில் பெரும்பாலும் 3, 5, 7 என்று ஒற்றைப்படை அடுக்குகள்தான். நடு அடுக்குக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டு முகமும் ஒரே அளவுக்கு இழுக்கும், பலகை வளையாது. ஒரு முகத்தை மட்டும் இழைத்து மெலிதாக்கினால் இந்தச் சமநிலை கெட்டுவிடும். அப்படி ஒரு கதவைக் கெடுத்தும் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.

சீவல் எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மரத்துண்டை வெந்நீர்த் தொட்டியிலோ நீராவி அறையிலோ பல மணி நேரம், மரத்தைப் பொறுத்துச் சில நாள்கூட ஊறப்போடுகிறார்கள். நார் இளகிப் பதமாக வேண்டும். பிறகு பட்டை உரித்து, பிரம்மாண்டமான ஒரு லேத்தில் இரு முனையையும் பிடித்துச் சுழற்றுகிறார்கள். துண்டின் முழு நீளத்துக்கும் ஒரே கத்தி வந்து அழுந்துகிறது. பென்சில் சீவும்போது சுருள் வருமே, அதைப்போலத் தொடர்ச்சியாக மரம் உரிந்து வருகிறது. சுருட்டிய பாயை விரிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள துண்டை, நடுவில் 8 சென்டிமீட்டர் தண்டை விட்டுவிட்டு 1.5 மில்லிமீட்டர் கனத்தில் உரித்தால் ஏறக்குறைய 44 மீட்டர் சீவல் கிடைக்கும். ஒருவர் கட்டிப்பிடிக்கக்கூடிய ஒரு துண்டிலிருந்து.

இந்த லேத்தைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் நோபலின் தந்தை இம்மானுவேல் நோபல் என்று பொதுவாகச் சொல்வார்கள். மகன் டைனமைட், அப்பா பிளைவுட்.

உரிக்கும்போது ஒரு சின்ன வன்முறை நடக்கிறது. வளைந்திருந்த மரத்தைக் கத்தி திடீரென்று நிமிர்த்துகிறது. அதனால் சீவலின் உள்பக்கம், அதாவது துண்டின் மையத்தைப் பார்த்திருந்த பக்கம், நுண்ணிய வெடிப்புகளோடு வருகிறது. இதைக் குறைக்கவே கத்திக்குச் சற்று முன்னால் ஓர் இரும்புச் சட்டம் மரத்தை அழுத்திப் பிடித்தபடி இருக்கும். அது இருந்தும் வெடிப்பு முழுக்கப் போவதில்லை. ஒரு சீவல் கையில் கிடைத்தால் நாருக்குக் குறுக்கே இரு பக்கமும் மாறி மாறி வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் விறைப்பாக நிற்கும், மறுபக்கம் மெல்லிய நெறுநெறுப்போடு எளிதாக வளையும். நல்ல பலகையில் விறைப்பான பக்கம்தான் வெளியே தெரியும்படி வைப்பார்கள். மாற்றி வைத்தால் பாலிஷ் போட்ட கொஞ்ச காலத்தில் முகத்தில் மயிரிழைக் கோடுகள் எழுந்துவரும்.

பிளைவுட்டின் முகத்தில் ரேகை அலையலையாக, சில சமயம் அருவருப்பாக, விரிந்து கிடப்பதற்கும் இந்த உரித்தல்தான் காரணம். கத்தி வளையங்களின் போக்கிலேயே போய், அவற்றை அங்கங்கே சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. கோடு கோடாக அழகான ரேகை வேண்டுமென்றால் உரிக்காமல், சதுரித்த கட்டையை இழைப்பது போல நேராகச் சீவுவார்கள். அது அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். தேக்கு முகம், வால்நட் முகம் என்று விற்பவை இந்த வகை. உப்புத்தாளைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் தேக்கு போய்விடும்.

உரித்த சீவலை வெட்டி, 4 முதல் 8 சதவீத ஈரம் வரும்வரை உலர்த்துகிறார்கள். ஏன் இவ்வளவு காய வேண்டும்? அடுத்து வரப்போவது அடுக்குகளைச் சேர்த்து அழுத்தும் சூடான பிரஸ். ஈரம் மிச்சம் இருந்தால் அது உள்ளேயே நீராவியாகிக் காத்திருக்கும். பிரஸ் திறந்து அழுத்தம் விலகிய கணத்தில் பலகை நடுவில் கொப்புளம் போட்டுப் பிளந்துகொள்ளும்.

பிறகு அடுக்குவது. முகத்துக்கு நல்ல முழுச் சீவல், உள்ளே துண்டு துண்டானவை, கணு விழுந்தவை. இதில் தப்பில்லை, உள்ளே அழகு தேவையில்லை. ஆனால் இரண்டு துண்டு சரியாகச் சேராமல் இடைவெளி விட்டால் அது பொந்து. ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மேலே மேடு. என் தச்சர் காட்டிய கேப் இதுதான். அந்த இடத்தில் திருகாணி போட்டால் காற்றில் சுற்றும். தண்ணீர் ஒரு முனையில் நுழைந்தால் பொந்து அதை வாய்க்கால் மாதிரி உள்ளே கொண்டுபோகும். இவ்வளவையும் மேலே ஒரே ஒரு சீவல் மூடிவிடுகிறது.

சரி, பசைக்கு வருவோம். மரத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இந்தப் பொருளின் ஆயுள் பசைக் கோட்டில்தான் இருக்கிறது.

1905இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஒரு பெரிய கண்காட்சி. உள்ளூர் மரப்பெட்டித் தொழிற்சாலை ஒன்று டக்ளஸ் ஃபிர் மரத்தில் செய்த ஒட்டுப் பலகைகளை அங்கே வைத்தது. விலங்குப் பசையைப் பெயின்ட் பிரஷ்ஷால் தடவி, வீட்டைத் தூக்கும் ஜாக்கிகளை வைத்து அழுத்திச் செய்தவை. ஒரு தொழிலே அதிலிருந்து கிளம்பியது. ஆனால் தோல், எலும்பு, பால்புரதம், ரத்தம் என்று அந்தக் காலத்துப் பசைகள் எல்லாவற்றுக்கும் ஈரம் எதிரி. பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை கொஞ்சம் தாங்கும், ஆனால் பூஞ்சணம் பிடிக்கும். 1940இல் முதன்முதலில் பறந்த மாஸ்கிடோ போர்விமானத்தின் உடல் பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவே பால்சா மரம் வைத்த அடுக்கு. முதலில் கேசீனால் ஒட்டினார்கள், பிறகு ஈரத்துக்குப் பயந்து யூரியா ஃபார்மால்டிஹைடு ரெசின் என்ற செயற்கைப் பசைக்கு மாறினார்கள். அதற்கு முன்பே, 1934இல், ஹார்பர் பிளைவுட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜேம்ஸ் நெவின் தண்ணீருக்கு அசையாத பசையைச் செய்து காட்டிவிட்டார். பிளைவுட் வீட்டுக்கு வெளியே வந்தது அதற்குப் பிறகுதான்.

இன்று தினசரிப் பலகைகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று யூரியா ஃபார்மால்டிஹைடு. மலிவு, வெளிர் நிறம், 100 முதல் 120 டிகிரியில் சீக்கிரம் இறுகும். வறண்ட அறைக்குள் காலம் தள்ளும். ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இறுகிய ரெசினே மெல்ல மெல்லத் தண்ணீரால் உடைந்து அவிழ்கிறது. என் அலமாரியில் தாள்தாளாக உரிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். இன்னொன்று பீனால் ஃபார்மால்டிஹைடு, பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கின் தம்பி. இன்னும் கூடுதல் சூடு கேட்கும், கருஞ்சிவப்பாக இருக்கும், தண்ணீரில் கொதித்தாலும் விடாது. இரண்டுக்கும் நடுவில் மெலமைன் கலந்த யூரியா ரெசின். பசையில் கோதுமை மாவு கலப்பதும் உண்டு. பசை சீவலுக்குள் ஒரேயடியாக உறிஞ்சப்படாமல் மேற்பரப்பில் நிற்பதற்கும், செலவு குறைவதற்கும்.

விளிம்பில் பசைக் கோடு கருப்பாக இருந்தால் நல்ல பலகை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. முழுக்கப் பொய்யில்லை, ஆனால் சாயம் கலந்தாலும் கோடு கருக்கும். 72 மணி நேரம் கொதிக்க வைக்கும் சோதனையில் நிற்கிறதா என்பதுதான் நம்பக்கூடிய கேள்வி. நின்றால்கூட அது பசைக்கான சான்றிதழ், மரத்துக்கு அல்ல. பசை பிடித்தபடி இருக்கும்போதே இரு பக்கத்து மரமும் ஊறி உளுத்துப்போகலாம். 'வாட்டர்ப்ரூஃப்' என்ற முத்திரையைப் பார்த்துவிட்டு, அறுத்த விளிம்பை மூடாமல் விடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். முகத்தைவிட விளிம்பு பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும், நார்க் குழல்களின் வாய் அங்கேதானே திறந்திருக்கிறது.

புதுப் பலகையின் காரமான வாசனை இந்த ரெசின்களிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பலகையில் எழுதியிருக்கும் ஈ1 என்பது கசிவுக்கான ஐரோப்பிய வரம்பு. சோதனை அறையின் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 0.124 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. யூரியா பசையில்தான் கசிவு அதிகம், பீனாலில் மிகக் குறைவு. இதைத் தவிர்க்க ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைசாங் லி, கடல் அலையிலும் பாறையை விடாத சிப்பிகளின் ஒட்டும் புரதத்தைப் பார்த்து, சோயா மாவிலிருந்து ஒரு பசை செய்தார். அது இன்று ஆலைகளில் ஓடுகிறது. கேசீனில் ஆரம்பித்து ஒரு சுற்று சுற்றிப் புரதத்துக்கே வந்திருக்கிறோம்.

அடுக்கி ஒட்டிய எதுவும் லேமினேட்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது பலகைமேல் ஒட்டும் 'மைக்கா'. அதில் மரச்சீவலும் இல்லை, மைக்கா என்ற கனிமமும் இல்லை. பீனால் ரெசினில் ஊறிய பழுப்புத் தாள்களும், மேலே மெலமைனில் ஊறிய படத்தாளும் சேர்த்து அழுத்தியது. ஃபார்மைக்கா என்ற பெயரே மின்காப்புக்கு மைக்காவுக்குப் பதிலாக, 'ஃபார் மைக்கா', என்ற பொருளில் 1913இல் வைத்தது. எது இல்லையோ அதன் பெயரைச் சொல்லியே நாம் அதைக் கூப்பிடுகிறோம்.

குறுக்கு மறுக்காக அடுக்குவது பலகைக்கு. உத்தரத்துக்கு அது வேண்டாம், சுமையெல்லாம் ஒரே திசையில்தான். அங்கே எல்லா அடுக்கும் நீளவாக்கில். குளூலாம் என்பது இது. சீவல் இல்லை, 4 சென்டிமீட்டர் அளவில் முழுப் பலகைகள். 12 சதவீதத்தை ஒட்டி உலர்த்தி, கணு விழுந்த இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, முனைகளை விரல்கோத்தது போல் பல் பல்லாக வெட்டி ஒட்டி, எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு நீட்டுகிறார்கள். இழைத்த 24 மணி நேரத்துக்குள் பசை தடவிவிட வேண்டும் என்பது தொழிலில் பொதுவான விதி. இழைத்த முகம் நேரம் ஆக ஆக மங்கிப் பசையை ஏற்க மறுக்கும். இதைப் படித்த பிறகுதான், போன வாரம் இழைத்து வைத்த பலகையை இன்று ஒட்டும் என் வழக்கத்தை விட்டேன்.

ஒரே மரத்தில் அறுத்த உத்தரத்தில் பெரிய கணு ஒன்று கீழ் விளிம்பில் வந்துவிட்டால் உத்தரம் எவ்வளவு தாங்கும் என்பதை அந்தக் கணுவே முடிவு செய்துவிடும். குளூலாமில் அதே கணு ஓர் அடுக்கோடு முடிந்துவிடும். வளையும் உத்தரத்தில் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் அதிகம் உழைக்கின்றன, நடுப்பகுதிக்கு வேலை குறைவு. ஆகவே நல்ல பலகை மேலும் கீழும், சுமாரானது நடுவில். முழுமரத்தில் இப்படி ஏற்பாடு செய்யவே முடியாது. ஜெர்மனியின் வைமர் நகரத்தில் ஆட்டோ ஹெட்ஸர் என்ற தச்சுத் தொழிலதிபர் 1906இல் வளைந்த ஒட்டு உத்தரங்களுக்குக் காப்புரிமை வாங்கினார், அதுவும் கேசீன் பசையில். 2019இல் நார்வேயில் முடிந்த மியோஸ்டோர்னெட் கட்டடம் 18 மாடி, 85.4 மீட்டர். அதன் எலும்புக்கூடு குளூலாம்தான். தீப்பிடிக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். பிடிக்கும். ஆனால் தடித்த மரம் நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் அளவில்தான் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வை. எத்தனை நிமிடம் தாங்க வேண்டுமோ அத்தனைக்கும் கணக்குப் பார்த்துக் கூடுதல் கனம் வைத்துவிடுகிறார்கள்.

ஹெட்ஸர் செய்த அந்த வளைவைச் சின்ன அளவில் நானும் செய்து பார்த்தேன். ஒரு ஸ்டூலுக்கு வில்போல் வளைந்த நான்கு கால்கள். தடித்த சட்டத்தை வளைத்தால் உடையும், மெல்லிய சீவல் வளையும். பசை தடவிய சீவல்களை அச்சுமேல் சேர்த்து வளைத்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உட்காரும். பசை இறுகிய பிறகு வழுக்க முடியாது, வளைவு நின்றுவிடும். 3 மில்லிமீட்டர் சீவல் நான்கு, வெள்ளைப் பசை, இறுக்கிப் பிடிக்கக் கையில் இருந்த கிளாம்ப் எல்லாம். அச்சுக்கு மெழுகு பூச மறந்ததால் முதல் கால் அச்சோடேயே ஒட்டிக்கொண்டது. உளி வைத்துத்தான் பிரித்தேன்.

மறுநாள் கிளாம்பைக் கழற்றினால் வளைவு கொஞ்சம் விரிந்துகொள்ளும். எவ்வளவு என்பதற்குத் தச்சு ஆட்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. அடுக்குகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, வளைவின் ஆழத்தை அதனால் வகுக்க வேண்டும். என் வளைவின் ஆழம் 120 மில்லிமீட்டர், அடுக்கு நான்கு, ஆகவே 120ஐ 16ஆல் வகுத்தால் ஏழரை மில்லிமீட்டர். நான் அளந்தபோது 9. பரவாயில்லை. கால்களைப் பூட்டி ஸ்டூலைப் பயன்படுத்த ஆரம்பித்தேன்.

நாலைந்து மாதத்தில் ஸ்டூல் குள்ளமானது மாதிரி ஒரு சந்தேகம். அச்சு வரைந்த தாளை எடுத்துக் காலை அதன்மேல் வைத்தேன். வளைவு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தது. எங்கேயும் பிரியவில்லை, விரிசல் இல்லை, பசை விடவே இல்லை. இறுகிய பிறகும் வெள்ளைப் பசை லேசாக ரப்பர் குணத்தோடு இருக்கும். இடைவிடாத இழுப்பில் சீவல்கள் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே இருந்திருக்கின்றன. சாதாரண மூட்டுகளில் இது தெரியாது. சீவல்கள் ஒவ்வொன்றும் நிமிரத் துடித்துக்கொண்டிருக்கும் வளைவில் தெரிந்துவிடுகிறது.

இரண்டாம் முறை 1.5 மில்லிமீட்டர் சீவல் எட்டு. தண்ணீரில் கலக்கும் யூரியா ரெசின் தூள், அறைச் சூட்டிலேயே கல்லாக இறுகுவது. ஜன்னலைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்தேன். அச்சுக்கு இரண்டு தடவை மெழுகு. கணக்குப்படி விரிய வேண்டியது 2 மில்லிமீட்டருக்குள், கழற்றியபோது 3. காலின் விளிம்பை இழைத்ததும் எட்டுச் சீவலும் ஏழு பசைக் கோடும் முழு வளைவுக்கும் ஒன்றோடொன்று உரசாமல் ஓடுவது தெரிந்தது. ஓர் இடத்தில் மட்டும் கோடு தடித்திருந்தது, கிளாம்ப் போதாத இடம். அதைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன்.

கழற்றிய அன்று ஒரு தாளில் அந்த வளைவைக் கோடிழுத்துத் தேதி போட்டேன். மாதம் ஒருமுறை ஸ்டூலைப் படுக்கவைத்து அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்க்கிறேன். பதினோரு மாதம் ஆகிறது. பென்சில் கோடு இன்னும் காலுக்கு அடியிலேயே மறைந்து நிற்கிறது.